பழைய காரின் சஸ்பென்ஷன் புஷ்களை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரேக்கை மிதித்ததும் காரின் முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் இன்னொரு சத்தம். நேரான சாலையில்கூட ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர், "வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று இதைப் பழகிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கார் புதிதாக வந்த நாளில் இப்படி ஓடவில்லை. தேய்ந்துபோன சில ரப்பர் துண்டுகளை, அதாவது புஷ்களை, மாற்றினாலே அன்று ஓடியதற்கு மிக அருகில் கொண்டுவந்துவிடலாம். பொறுமையும் இரண்டு முழு நாளும் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான் இது.

காயில் ஸ்பிரிங் (சுருள்வில்) வைத்த முன் சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மை, அதாவது சக்கரத்தைச் சேஸியோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கையை, முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற வகைகளைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் புஷ் என்ன செய்கிறது என்று பார்ப்போம்

உள்ளே ஒரு சிறிய இரும்புக் குழாய், வெளியே ஒரு பெரிய இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் அவற்றோடு ஒட்டிப் பிடித்த ரப்பர். வெளிக்குழாய் ஆர்மின் துளைக்குள் அழுத்திச் செருகப்பட்டிருக்கிறது. உள்குழாயை போல்ட் சேஸியின் இரண்டு காதுகளுக்கு (துளையிட்ட தகடுகளுக்கு) நடுவில் நெருக்கிப் பிடித்துவிடுகிறது. பல புஷ்களில் உள்குழாயின் முனைகள் பல் பல்லாக வெட்டியிருக்கும். அது சுழலாமல் காதுகளைக் கவ்விக்கொள்வதற்காகத்தான் அந்தப் பற்கள். ஆக, சேஸியோடு உள்குழாய் நகராது, ஆர்மோடு வெளிக்குழாய் நகராது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது முறுக்கிக்கொள்வது நடுவில் உள்ள ரப்பர் மட்டும்தான். பேரிங் போல எதுவும் இங்கே உருண்டு சுழல்வதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகளில் பாதி தானாகவே விளங்கும்.

ரப்பர் கெடுவதற்கு வண்டி ஓடியே ஆக வேண்டும் என்றில்லை. காற்றில் இருக்கும் ஓசோன் இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில் அந்த வெட்டு பிளவாக விரிகிறது. எஞ்சின் ஆயில் சொட்டினால் ரப்பர் ஊதிக் கொழகொழத்துவிடும். பத்து வருடம் ஷெட்டில் நின்ற காரின் புஷ்கள் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

புஷ்தானா என்று உறுதி செய்யுங்கள்

இதே சத்தம் ஆர்மின் வெளிமுனையில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்டிலிருந்தும் வரும், தளர்ந்த ஷாக் அப்சார்பர் போல்டிலிருந்தும் வரும். டார்ச் அடித்து புஷ்ஷை நேராகப் பாருங்கள். உள்குழாய் வெளிக்குழாயின் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்திருந்தாலோ, பக்கவாட்டில் பிதுங்கியிருந்தாலோ கதை முடிந்தது. மேற்பரப்பில் மயிரிழை போல வெடிப்புகள் இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். நெம்புகோலை ஆர்முக்கும் சேஸிக்கும் நடுவே வைத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் லேசாக நெளிந்து பழைய இடத்துக்கே திரும்பும். கெட்டது தளர்வாக ஆடும், சில நேரம் அந்த 'டொக்' சத்தத்தையே உங்கள் காதுக்குக் கொடுத்துவிடும்.

இன்னொருவரை உள்ளே உட்காரவைத்து, ஸ்டாண்டில் நிற்கும் காரின் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஆர்ம் முன்பின்னாக நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

ரப்பரா, பாலியூரித்தேனா?

பழைய கார்க்காரர்களிடையே முடிவே இல்லாத விவாதம் இது. என் பக்கம் ரப்பர்தான். பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள் கெட்டியானது, எண்ணெய்க்கு அஞ்சாது, பல கார்களில் பிரஸ் இல்லாமல் கையாலேயே செருகிவிடலாம். ஆனால் அது பெரும்பாலும் உள்குழாயின் மேல் வழுக்கிச் சுழலும் வகை. அதற்கான சிலிக்கான் கிரீஸ் வற்றினால் கீச்சிடும், சாலையின் அதிர்வையும் கூடுதலாக உள்ளே அனுப்பும். அதைவிட முக்கியமாக, ஒரே அச்சில் மட்டும் சுழலும் இடத்தில்தான் அது ஒழுங்காக இருக்கும். பின் ஆக்ஸிலை இழுத்துப் பிடிக்கும் நீளமான கம்பிகள் போல, பல திசையில் நெளிய வேண்டிய இடத்தில் கெட்டிப் புஷ் போட்டால் சஸ்பென்ஷன் இறுகிக்கொள்ளும். நெளிந்துகொடுப்பதற்கென்றே வைத்த ரப்பர் அது.

நடுவழி ஒன்றும் உண்டு. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் முன் கீழ் ஆர்மில் சாதாரண ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் அதே குடும்பத்து வி8 மாடலின் ஒட்டு ரப்பர் புஷ்ஷைப் போடுவது பலர் செய்யும் மாற்றம். உங்கள் காருக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

"ஒரிஜினல் பழைய ஸ்டாக்" என்று யாராவது கொடுத்தால் யோசியுங்கள். பெட்டிக்குள் முப்பது வருடம் இருந்த ரப்பருக்கும் முப்பது வயதுதான்.

கையில் எடுக்கும் முன்

காரின் சர்வீஸ் மேனுவல் கட்டாயம் வேண்டும். டார்க் அளவுகளுக்கு, அதாவது எந்த போல்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு, வேறு வழியில்லை. பழைய புத்தகங்களில் அளவு பவுண்டு-அடியில் இருக்கும். 1 பவுண்டு-அடி என்பது 1.36 நியூட்டன் மீட்டர்.

மரையைக் கவனியுங்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 1948-இல்தான் பொது மரை அளவுக்கு ஒப்புக்கொண்டன. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் கார்களிலும், அதன் பிறகு சில ஆண்டுகள் வந்தவற்றிலும் பெரும்பாலும் பிஎஸ்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் மரை இருக்கும். அதன் கோணம் 55 டிகிரி, புதிய பொது மரையான யூஎன்எஃப்-இன் கோணம் 60 டிகிரி. அரை அங்குல பிஎஸ்எஃப் போல்டில் அங்குலத்துக்கு 16 மரை, யூஎன்எஃப்-இல் 20. முதல் சுற்று ஏறுகிறதே என்று ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் மரை போய்விடும். கையால் சுற்றி முழுதும் ஏறாத நட்டை எப்போதும் சந்தேகப்படுங்கள்.

கருவிகளில் டார்க் ரெஞ்ச், நீளக் கைப்பிடி, பால் ஜாயின்ட் கழற்றி, வெர்னியர் காலிப்பர், ஹேக்சா பிளேடு, டிரில், ஸ்டாண்டுகள், இரண்டு நல்ல ஜாக்கி எல்லாம் வேண்டும். பிரஸ் இல்லாவிட்டால் எம்12 அல்லது எம்14 முழு மரைக் கம்பி ஒன்று போதும். ஆனால் 8.8 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். சாதாரணக் கம்பியின் மரை முதல் புஷ்ஷிலேயே இழுபட்டுவிடும். நைலாக் நட்டுகளையும் (தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்தவை) ஸ்ப்ளிட் பின்களையும் (நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே போடும் ஊசிகள்) புதிதாக வாங்கி வையுங்கள்.

வேலைக்கு மூன்று நாள் முன்பே எல்லா போல்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள், தினமும் ஒரு முறை.

அப்புறம் ஒரு அளவு எடுக்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். கார் சமதளத்தில் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து, நான்கு மூலைக்கும் எழுதிவையுங்கள். காரைத் தூக்கிய பிறகு இந்த அளவை எடுக்க முடியாது. கடைசிப் படியில் இதுதான் கை கொடுக்கும்.

தூக்குவதும் ஸ்பிரிங்கை அடக்குவதும்

கெட்டியான தரை, பின் சக்கரங்களுக்கு முட்டு, சேஸியின் பலமான இடத்தில் ஸ்டாண்ட். பழைய காரில் 'பலமான இடம்' என்று புத்தகம் சொல்வது துருப்பிடித்துப் பொருக்காக இருக்கலாம். சுத்தியலால் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டால் மட்டும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகவே கூடாது. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து காயில் ஸ்பிரிங்தான். சக்கரம் தொங்கும்போதும் அது அமுங்கியே இருக்கிறது. கீழ் ஆர்மை யோசிக்காமல் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வரும், எதிரில் ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் நுழைய இடம் இருந்தால் அதைப் போடுங்கள். அதன் கொக்கிகள் எதிரெதிரே, ஒரே அளவு சுற்றுகளைப் பிடித்திருக்க வேண்டும், மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பல பழைய கார்களில் அதற்கு இடமிருக்காது. ஸ்பிரிங் உட்காரும் தட்டு தனியாக நான்கு போல்டில் பிடித்திருந்தால், மூலைவிட்டமாக இரண்டு போல்டைக் கழற்றி அந்த இடத்தில் நீளமான மரைக் கம்பிகளைப் போட்டு நட்டுகளை ஏற்றுங்கள். மற்ற இரண்டையும் கழற்றியபின், கம்பியின் நட்டுகளை மாறி மாறித் தளர்த்தினால் தட்டு சமமாக இறங்கி ஸ்பிரிங் சோர்ந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பத்திரமான முறை இல்லை.

இரண்டுக்கும் வழியில்லையென்றால் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கி, பால் ஜாயின்டைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்க வேண்டும். ஸ்பிரிங்கைச் சேஸியோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டிவிடுங்கள். முகத்தை எதிரே வைக்காதீர்கள். பால் ஜாயின்டின் நட்டை முழுதும் எடுத்துவிடாமல் சில மரையில் நிற்க விட்டு, கழற்றியால் அழுத்தம் கொடுத்துக்கொண்டே ஸ்டியரிங் நக்கிளின் (பால் ஜாயின்ட் செருகியிருக்கும், சக்கரத்தைத் தாங்கும் பகுதியின்) காதில் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் சட்டென்று விடும். பிரேக் காலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டுங்கள்.

மேல் ஆர்மின் அச்சுக்குப் பின்னால் ஷிம் தகடுகள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) இருந்தால், முன் போல்டில் எத்தனை, பின் போல்டில் எத்தனை என்று எழுதி, தனித்தனியாகக் கட்டி வையுங்கள். சக்கரத்தின் சாய்வு முழுதும் அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

போல்ட் வரவில்லையா?

நட்டு வந்துவிடும், போல்ட் வராது. காரணம், போல்டும் உள்குழாயும் துருவால் ஒன்றாகியிருக்கும். ஸ்பேனரால் திருப்பும்போது போல்ட் கொஞ்சம் போய்விட்டு, விட்டதும் திரும்பி வருகிறதா? ரப்பர்தான் அதைத் திருப்பிவிடுகிறது. எண்ணெய், பொறுமை, நட்டைப் பாதி ஏற்றி அதன் மேல் தட்டுதல், இவ்வளவையும் பார்த்துவிட்டு நடக்கவில்லையென்றால் நேரத்தை வீணாக்காதீர்கள். காதுக்கும் குழாய்க்கும் இடையில் பிளேடை விட்டு போல்டை இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருக்கும் இடத்தில் தீயைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பழைய புஷ்ஷை எடுப்பது

ரப்பரை எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தக் கரும்புகை நச்சு, நாற்றம் வாரக்கணக்கில் போகாது. அழுத்தப்பட்ட உள்குழாய் சூட்டில் தெறித்து வரவும் கூடும். நான் செய்வது வேறு.

ஆர்மை வைஸில் பிடித்து, இரண்டு குழாய்க்கும் நடுவே ரப்பரில் வட்டமாக 5 மி.மீ. துளைகள் போடுங்கள். வேகத்தைக் குறைத்து, பிட்டில் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டால் ரப்பர் நூல் நூலாகச் சுற்றிக்கொள்ளாது. ஏழெட்டுத் துளை போட்டதும் உள்குழாயை ஒரு சாக்கெட்டால் தட்டினால் மீதி ரப்பரோடு சேர்ந்து கழன்று வந்துவிடும்.

இப்போது துளைக்குள் வெளிக்குழாய் மட்டும். ஹேக்சா பிளேடை சட்டத்திலிருந்து கழற்றி, துளைக்குள் விட்டு, திரும்பச் சட்டத்தில் மாட்டுங்கள். குழாயின் நீளவாக்கில் ஒரே ஒரு வெட்டு. குழாயின் சுவர் இரண்டு மி.மீ. அளவுதான் இருக்கும், அதனால் அவசரம் வேண்டாம். அறுக்கும்போது விழும் பொடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இரும்பு அறுபடும்வரை பளபளவென்று சாம்பல் நிறத்தில் விழும். குழாய்க்கும் ஆர்முக்கும் நடுவில் மெல்லிய துரு படலம் இருக்கும். பிளேடு அதைத் தொட்டதும் பொடியில் செம்பழுப்பு நிறம் கலக்கும், கையில் அரைபடும் உணர்வும் மாறும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓர் இழுப்பு இழுத்தாலும் அறுபடுவது உங்கள் ஆர்ம்தான், அந்த வெட்டிலிருந்து பின்னால் விரிசல் ஓடும். மெல்லிய உளியை வெட்டின் ஓரத்தில் வைத்து குழாயை உட்பக்கமாக மடக்கினால், சுருண்டுகொண்டு வெளியே வந்துவிடும்.

துளையைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் சுத்தம் செய்து, வெர்னியரால் மூன்று திசையில் அளந்து, புதுப் புஷ்ஷின் வெளிவிட்டத்தோடு ஒப்பிடுங்கள். புஷ் ஓர் இழை பெரிதாக இருக்க வேண்டும். கையால் தள்ளினாலே உள்ளே போய்விட்டால் ஆர்மின் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்; பசை போட்டு ஒப்பேற்றாதீர்கள், வேறு ஆர்ம் தேடுங்கள்.

புதியதைச் செருகுவது

புஷ்ஷை ஃப்ரீஸரில் வைத்தால் சுருங்கி எளிதாக நுழையும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு சுருங்கும்? 40 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய் 40 டிகிரி குளிர்ந்தால் 0.02 மி.மீ. அளவுதான். உதவி உண்டு, ஆனால் மாயம் நடக்காது. எடுத்த நிமிடமே மேலே படியும் ஈரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மரைக் கம்பியில் ஒரு பக்கம், புஷ்ஷின் வெளிக்குழாய் விளிம்பில் மட்டும் உட்காரும் சாக்கெட் அல்லது குழாய்த் துண்டு. மறுபக்கம், புஷ் நுழையும் அளவுக்கு அகலமான குழாய், ஆர்மின் மேல் உட்கார்ந்தபடி. இரு முனையிலும் தடித்த வாஷர், மரையில் கிரீஸ். நட்டை இறுக்க இறுக்க புஷ் உள்ளே போகும். அழுத்தம் ரப்பர் மேலோ உள்குழாய் மேலோ ஒருபோதும் விழக் கூடாது, விழுந்தால் ஒட்டு பிரிந்து புதுப் புஷ் அங்கேயே கெட்டுவிடும். தகட்டால் செய்த ஆர்மில் இரு காதுகள் இருந்தால் நடுவில் சரியான அளவு முட்டு வையுங்கள், இல்லாவிட்டால் காதுகள் நெருங்கிவிடும்.

முதல் இரண்டு மி.மீ.தான் எல்லாம். புஷ் சாய்ந்தால் உடனே வெளியே எடுத்துத் திரும்பத் தொடங்குங்கள். இறுக்கினால் நேராகிவிடும் என்று நினைத்தால் துளையைச் சுரண்டிக்கொண்டு போகும். சில புஷ்களின் ரப்பரில் ஒரு பக்கம் வெற்றிடமோ அம்புக்குறியோ இருக்கும். பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசை. ரப்பர் வழுக்க சோப்புத் தண்ணீர் மட்டும். கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் ரப்பர் பக்கம் வரக் கூடாது.

இறுக்க வேண்டிய நேரம்

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வாருங்கள், ஸ்பிரிங்கை அதே கவனத்தோடு ஏற்றுங்கள். பால் ஜாயின்ட் நட்டை முழு டார்க்கில் இறுக்கி ஸ்ப்ளிட் பின் போடுங்கள். ஆனால் புஷ் போல்டுகளை இப்போது இறுக்கக் கூடாது. நட்டு தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள்.

நான் முதன்முதலில் இந்த வேலை செய்தபோது, கார் ஸ்டாண்டில் நின்றபடியே எல்லா போல்டையும் இறுக்கினேன். வசதியாக இருந்தது, டார்க்கும் புத்தகப்படி. ஒரு வருடத்துக்குள் நான்கு புஷ்களும் ஒரே மாதிரி கிழிந்திருந்தன. ரப்பரின் குறை என்று நினைத்து வேறு வாங்கினேன், அதையும் அப்படியே போட்டேன், அதுவும் கிழிந்தது. போல்டை இறுக்கிய நொடியில் உள்குழாய் பூட்டிக்கொள்கிறது, அந்த நிலைதான் ரப்பருக்கு 'ஓய்வு நிலை' என்பது அப்போதுதான் புரிந்தது. ஆர்மின் நீளம் 300 மி.மீ., சக்கரம் 80 மி.மீ. கீழே தொங்கும்போது இறுக்கினீர்கள் என்றால், காரை இறக்கியதும் ரப்பர் 15 டிகிரி முறுக்கிக்கொள்கிறது. கார் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு இருக்கும், குழியில் விழும்போது அதற்கு மேலும் முறுக்கும். கார் கொஞ்சம் உயரமாகவும் நிற்கும்.

ஆகவே காரை இறக்கி, சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, முன்பக்கத்தை நான்கைந்து முறை அமுக்கிக் குலுக்கி உட்காரவிட்டு, காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போது புஷ் போல்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கீழே கை போக இடமில்லையென்றால்? அதற்குத்தான் முதலில் மட்கார்டு அளவு எடுத்தோம். ஆர்மின் வெளிமுனையில் ஜாக்கி வைத்து, அதே அளவு வரும்வரை தூக்கி, அப்போது இறுக்குங்கள். கார் ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். எழும்பினால் முன்பக்கத்தில் பாரம் ஏற்றுங்கள். வழுக்கிச் சுழலும் பாலியூரித்தேன் வகைக்கு மட்டும் இந்த விதி பெரிதாகப் பொருந்தாது.

துருப்பிடிக்காமல் இருக்க போல்டின் வழுவழுப்பான தண்டில் மட்டும் செம்பு கிரீஸ் தடவுங்கள். மரையில் தடவினால் அதே டார்க்குக்கு போல்ட் கூடுதலாக இழுபடும்.

மற்ற வகைகள்

லீஃப் ஸ்பிரிங்கில் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) வேலை எளிது. காரை சேஸியில் தாங்கி, ஆக்ஸிலைத் தனி ஜாக்கியில் ஏற்றி இறக்கி ஸ்பிரிங்கில் இழுப்பே இல்லாத இடத்தைக் கண்டுபிடித்தால், ஸ்பிரிங்கின் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளின் போல்ட் கையோடு வரும். பல கார்களில் ஷேக்கிள் புஷ் இரண்டு பாதியாக வரும், சோப்புத் தண்ணீரில் கையாலேயே செருகலாம். இங்கேயும் கடைசி இறுக்கம் எடை இறங்கிய பிறகே.

டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) வைத்த கார்களில் கழற்றும் முன், அந்தக் கம்பியின் முனையில் மாட்டியிருக்கும் பட்டைக்கும் சேஸிக்கும் குறுக்கே உளியால் ஒரு கோடு போடுங்கள், கோணத்தையும் அளந்து எழுதுங்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பின் டார்ஷன் பாரில் உள்முனைக்கு 40 பல், வெளிமுனைக்கு 44 பல். உள்ளே ஒரு பல் மாறினால் 9 டிகிரி, வெளியே ஒரு பல் மாறினால் 8 டிகிரிக்குச் சற்று மேல். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் நகர்த்தினால் ஒரு டிகிரிக்கும் குறைவாக உயரத்தைத் திருத்தலாம். இந்த அமைப்பு தெரியாமல் கழற்றிவிட்டால் காரின் பின்பக்கம் ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஓட்டிப் பார்க்கும் முன்

இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் போல்டோடு சேர்த்து பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். தளர்ந்தால் கோடு முறிந்து தெரியும். மெதுவாகத் தெருவைச் சுற்றி வாருங்கள், பிரேக் அடித்துப் பாருங்கள், வந்ததும் ஒரு முறை கோடுகளைப் பாருங்கள்.

வீல் அலைன்மென்ட் கட்டாயம். பழைய புஷ் சாய்ந்திருந்த நிலைக்கு ஏற்ப யாரோ முன்பு சரிசெய்து வைத்திருப்பார்கள். ஆர்ம் இப்போது சரியான இடத்துக்கு வந்ததால் டோ அளவு (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறியிருக்கும். டயரைத் தின்னும் முன் பார்த்துவிடுங்கள். ஷிம் தகடுகளை எண்ணி எழுதிய சீட்டையும் எடுத்துப் போங்கள், அங்கே கேட்பார்கள். இருநூறு முன்னூறு கிலோமீட்டர் ஓடியதும் காரைத் தூக்காமல், எடை சக்கரத்தில் இருக்கும்போதே, புஷ் போல்டுகளில் ஒரு முறை டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.